இருள் நாட்டின் வாசல்வரை சென்ற இப்னு பதூதா

கடந்த வருடம் எமது கல்லூரியில் நடைபெற்ற கண்காட்சியில், முனைவுப் பிரதேசங்களின் சூழற்றொகுதி பற்றி வருவோருக்கு விளக்கும் பொறுப்பு எனக்கும் இரு தோழிகளுக்கும் கிடைத்தது. ரெஜிபோமில் பனிப்பாறை செய்தோம். பனிக்கரடி, சீல், பனிமான் ஆகியவற்றின் படங்களை ஒட்டினோம். அங்கு வாழும் மக்கள் சில வேளைகளில் இறைச்சியைப் பச்சையாகவே உண்பார்கள் என்று நான் சொன்னதும், ஆறாம் தரத்துப் பிள்ளைகள் சீ என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. அங்கே சோறு இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று மீண்டும் கேட்டாள். குளிர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதில் தேடி கண்டி டீ.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்துக்குச் சென்றபோது, தேடாத ஒருவரைச் சந்தித்தேன். அவர்தான் இப்னு பதூதா. ஏழாம் தரத்தில் ஐந்து மதிப்பெண் கேள்விக்காக அவரைப் பற்றி மனனம் செய்திருக்கிறேன். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, சென்ற நாடுகள், அவ்வளவுதான். அவர் ஒவ்வோர் ஊரிலும் மனிதர்கள் என்ன உண்டார்கள், ஏன் உண்டார்கள் என்று பார்த்து வைத்தவர் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இப்னு பதூதா 1304ஆம் ஆண்டு மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்தார். பெர்பர் இனத்தைச் சேர்ந்த லவாத்தா கோத்திரத்தார் அவர்கள். காழிமார் பலரைத் தந்த குடும்பம். மாலிக்கி மத்ஹபின் சட்டக்கலையை அவரும் கற்றார். 1325ஆம் ஆண்டு, இருபத்தோராவது வயதில், ஹஜ் செய்யும் நிய்யத்துடன் தனியாக வீட்டைவிட்டுப் புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தார்கள். அவர்களைப் பிரிந்தது தமக்குப் பெரும் வேதனையாக இருந்தது என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். ஓரிரு வருடங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் அந்த வீட்டார் எண்ணியிருப்பார்கள். அவர் திரும்பியபோது 24 வருடங்கள் கடந்திருந்தன.

மக்காவை அடைந்து ஹஜ்ஜை நிறைவேற்றிய பின்னரும் அவரது கால்கள் நிற்கவில்லை. ஈராக், பாரசீகம், யெமன், கிழக்கு ஆபிரிக்கக் கரை என்று பயணம் நீண்டது. மொகதிஷுவில் நெய்யிட்டுச் சமைத்த சோற்றைக் கண்டார். பழுக்காத வாழைக்காயைப் பாலில் வேகவைத்து அங்கு உண்டார்கள். ஊறுகாய் போட்ட எலுமிச்சை, மிளகு, பச்சை இஞ்சி, மாங்காய் ஆகியவற்றைத் தயிருடன் சேர்த்து வைத்தார்கள். ஓமானின் தெற்கே உள்ள ழபார் பகுதியிலோ வேறொரு புதுமை காத்திருந்தது. அங்கு ஆடு மாடுகளுக்குத் தீனியாகக் காய்ந்த மத்தி மீனைப் போட்டார்கள். இதனை வேறெங்கும் தாம் கண்டதில்லை என்று அவர் பதிவு செய்தார். புல் அரிதான பாலைக்கரையில் கடல் மட்டும் அள்ளித் தந்தது. மனிதன் தன் கால்நடைக்கும் கடலையே மேய்ச்சல் நிலமாக்கிவிட்டான். கண்காட்சியில் சுற்றாடலும் உணவும் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு எழுதிய எனக்கு, இந்த ஓர் உதாரணம் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பின்னர் அவர் அனத்தோலியாவைக் கடந்து, கருங்கடலுக்கு வடக்கே, உஸ்பெக் கான் ஆண்ட கிப்சாக் புல்வெளிக்குள் நுழைந்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல். மலையில்லை, மரமில்லை, விறகுமில்லை. காய்ந்த சாணத்தையே எரித்தார்கள். அந்த மண்ணில் விவசாயத்தைவிட மந்தை மேய்ப்பதே இலகு. ஆகவே ரொட்டி அவர்களது உணவில் இல்லை. தினை போன்ற ஒரு தானியத்தைக் கஞ்சியாக்கி, இறைச்சித் துண்டுகளைப் போட்டு, மேலே தயிர் ஊற்றிக் குடித்தார்கள். குதிரை இறைச்சி உண்டார்கள். புளிக்கவைத்த குதிரைப் பாலான குமிஸ் அவர்களது பானம். இனிப்பு உண்பதை இழிவாகக் கருதினார்கள். நோன்பு காலத்தில் ஒருநாள் இப்னு பதூதா தம் தோழர்கள் செய்த இனிப்பைச் சுல்தானின் முன் வைத்தபோது, அவர் விரல் நுனியால் தொட்டு வாயில் வைத்தாரே தவிர அதற்குமேல் உண்ணவில்லை. நோன்பு துறக்க ஈத்தம்பழமும் வட்டிலப்பமும் தேடும் எங்களுக்கு இது விளங்குவது கடினம். கரும்பும் ஈந்தும் விளையாத நாட்டில் நாக்கு வேறு விதமாகப் பழகிவிடுகிறது.

அந்தப் பயணத்தின் குளிரை அவர் விவரிப்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பரிதாபமும் வந்தது. உரோம அங்கி மூன்று, காற்சட்டை இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் காலணிகள். இவ்வளவையும் அணிந்துகொண்டு தாமாகக் குதிரையில் ஏற முடியாமல் தோழர்கள் தூக்கிவிட வேண்டியிருந்ததாம். நெருப்பின் அருகில் நின்று சுடுநீரில் வுழூ செய்தாலும், தாடியில் வழிந்த நீர் அக்கணமே உறைந்தது. உதறினால் பனித்தூளாக விழுந்தது. மார்கழி மாதம் ஹந்தானைப் பக்கமிருந்து பனிக்காற்று வீசும்போது சுபஹுக்கு வுழூ செய்யவே முணுமுணுக்கும் நான், அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன்.

வொல்கா நதிக்கரையில் புல்கார் என்ற நகரம் இருந்தது. இன்று ரஷ்யாவின் தாத்தாரிஸ்தானில் அதன் இடிபாடுகள் உலக மரபுரிமைச் சின்னமாகப் பேணப்படுகின்றன. அங்குள்ள மக்கள் கி.பி. 922ஆம் ஆண்டளவிலேயே இஸ்லாத்தைத் தழுவியிருந்தார்கள். கோடையில் அங்கு இரவு மிகக் குறுகியது என்று கேள்விப்பட்டு அதைக் காணவே சென்றதாக இப்னு பதூதா கூறினார். மஃரிப் தொழுது நோன்பு துறந்து முடிப்பதற்குள் இஷாவுக்கு அதான் ஒலித்தது. தராவீஹ் முடிந்த சற்று நேரத்தில் கிழக்கு வெளுத்தது. கண்டியில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. நாம் பூமத்தியரேகைக்கு அருகில் இருக்கிறோம். வடக்கே போகப் போகக் கோடைப் பகல் நீளும், மாரி இரவும் நீளும். ஆட்டிக் வட்டத்தைத் தாண்டினால் நடு மாரியில் சூரியன் உதிக்காத நாட்களும் உண்டு.

அந்த இருளைப் பற்றியும் அவர் எழுதி வைத்தார். புல்காரிலிருந்து நாற்பது நாள் பயணத் தூரத்தில் இருள் நாடு இருந்தது. பெரிய வணிகர்கள் மட்டுமே அங்கு போவார்கள். நிலம் முழுவதும் பனிக்கட்டி. மனிதனின் காலும் குதிரையின் குளம்பும் வழுக்கும். நகமுள்ள நாய்க்கு மட்டும் பிடி கிடைக்கும். எனவே நாய்கள் இழுக்கும் சிறு வண்டிகளில் உணவு, குடிநீர், விறகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியில் மரமும் இல்லை, குடியிருப்பும் இல்லை. பலமுறை அவ்வழி போய்வந்த நாயே வழிகாட்டி. அதன் விலை ஆயிரம் தினார் வரை ஏறும். அதனை எசமான் அடிப்பதில்லை, ஏசுவதுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் மனிதர்களுக்கு முன் நாய்களுக்கே உணவு வைக்க வேண்டும். தவறினால் அது கோபித்து ஓடிவிடும். பின்னர் அனைவருக்கும் மரணம்தான்.

போய்ச் சேர்ந்ததும் வணிகர்கள் தமது பொருட்களை ஓரிடத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய்த் தங்குவார்கள். மறுநாள் வந்து பார்த்தால் அருகில் சேபிள், அணில், எர்மின் ஆகியவற்றின் தோல்கள் இருக்கும். திருப்தி என்றால் எடுத்துக்கொள்வார்கள். இல்லையேல் விட்டுவிடுவார்கள், மறுபக்கத்தார் இன்னும் சேர்த்து வைப்பார்கள். யாருடன் வியாபாரம் செய்தோம், ஜின்களோடா மனிதர்களோடா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. இப்னு பதூதா அங்கு போகவில்லை. சிரமம் அதிகம், பயன் குறைவு என்று எண்ணித் திரும்பிவிட்டதாக ஒப்புக்கொண்டார். அவர் புல்காருக்குக்கூடப் போயிருக்க முடியாது, குறிப்பிட்ட நாட்களுக்குள் அவ்வளவு தூரம் சென்று மீள இயலாது என்றே இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் மரமில்லாத உறைநிலத்தையும் அதைக் கடக்கத் தேவையான அறிவையும் பற்றி வடக்கு வணிகர்களிடையே வழங்கிய செய்தி, அவர் மூலம் மொரோக்கோவரை வந்து சேர்ந்தது உண்மை.

இங்குதான் அந்தச் சிறுமியின் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. மரமில்லாத அந்நிலத்தை நாம் பாடத்தில் தண்டரா என்று படிக்கிறோம். மேல்மண் கோடையில் சில வாரங்கள் இளகும். அதன் கீழே நிலம் வருடம் முழுவதும் உறைந்தே கிடக்கும். நெல்லுக்கோ கோதுமைக்கோ அங்கு வேர்விட இடமில்லை. பாசி போன்ற இலைக்கன்களை மனிதனால் உண்டு வாழ முடியாது. பனிமான் அதனை உண்ணும், மனிதன் பனிமானை உண்பான். கடற்பக்கம் பார்த்தால், பனிக்கட்டியின் அடியில் வளரும் அல்காக்களை நுண்ணிய விலங்குகள் உண்ணும். அவற்றைச் சிறு மீன்களும், மீன்களைச் சீல்களும், சீல்களைப் பனிக்கரடியும் மனிதனும் உண்பார்கள். வேறு பந்தி அங்கு விரிக்கப்படவில்லை. கொழுப்பு குளிரைத் தாங்கும் சக்தியைத் தருகிறது. மரக்கறியோ பழமோ இல்லாத இடத்தில் விற்றமின் சீ எங்கிருந்து வரும்? திமிங்கிலத்தின் தோலிலும் பச்சை இறைச்சியிலும் அது இருக்கிறது. அதிக நேரம் வேகவைத்தால் அழிந்துவிடும். பிஸ்கட்டும் உப்பிட்ட இறைச்சியும் மட்டுமே உண்ட ஐரோப்பியக் கடலோடிகள் ஸ்கேவி நோயால் முரசு வீங்கி மடிந்தபோது, அந்தப் பச்சை இறைச்சியை உண்டவர்கள் நலமாக வாழ்ந்தார்கள். நாங்கள் மூக்கைப் பொத்திய உணவு பல தலைமுறைகளின் மருத்துவ அறிவு.

எர்மினும் அப்படித்தான். கோடையில் கபில நிறமாக இருக்கும் அந்தக் கீரி போன்ற சிறு பிராணி, மாரியில் வெண்மையாகிப் பனியோடு பனியாக மறைந்துவிடும். அதன் வெண்தோல் இந்தியாவரை விலைபோனதை இப்னு பதூதா அறிந்திருந்தார். இன்று வடக்கே பனி முன்னதாகவே உருகுகிறது. நிலம் கறுத்துக் கிடக்க, உடல் மட்டும் வெளுத்திருக்கும் நாட்கள் அதற்கு வருகின்றன. ஆட்டிக் பிரதேசம் உலகின் ஏனைய பகுதிகளைவிட வேகமாக வெப்பமடைகிறது. கடற்பனி குறையும்போது, அதன் அடியில் தொடங்கும் உணவுச் சங்கிலியும், அதை நம்பிய மனிதரின் சட்டியும் சேர்ந்தே ஆட்டங்காண்கின்றன.

இனி எங்கள் பக்கம் வருவோம். டில்லியில் முஹம்மத் பின் துக்ளக்கிடம் காழியாகப் பணிபுரிந்த இப்னு பதூதா, சீனாவுக்குத் தூதுவராக அனுப்பப்பட்டார். கோழிக்கோட்டில் புயலில் கப்பலையும் பொருட்களையும் இழந்தார். பின்னர் மாலைதீவுக்குச் சென்று அங்கும் காழியானார். அரிசி விளையாத அந்தத் தீவுகளில் தென்னையும் மீனுமே வாழ்வு. தேங்காயிலிருந்து பாலும் எண்ணெயும் தேனும் எடுத்தார்கள். சிவந்த சதையுள்ள மீனை நான்காக வெட்டி, சற்று அவித்து, ஓலைப் பெட்டிகளில் புகையூட்டி உலர்த்தினார்கள். அது இந்தியா, சீனா, யெமன் வரை ஏற்றுமதியானது. அந்த மீனுக்கு அவர் எழுதிய பெயரின் கடைசிச் சொல் மாஸ். வாசித்துக்கொண்டிருந்த நான் எழுந்து குசினிக்குப் போனேன். உம்மா சம்பலுக்கு மாசி இடித்துக்கொண்டிருந்தார். எழுநூறு வருடங்களுக்கு முன் இப்னு பதூதா உண்ட அதே பொருள், எங்கள் உரலில்.

1344ஆம் ஆண்டு அவரது கப்பல் புத்தளத்தை அடைந்தது. கரையில் ஆறுகள் அடித்து வந்த கறுவா மரங்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. அங்கு அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி என்ன வேண்டுமென்று கேட்டபோது, பாவா ஆதம் மலையைத் தரிசிப்பதைத் தவிர வேறு விருப்பமில்லை என்றார் அவர். பல்லக்கு, நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், பத்து அரசவையினர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று மன்னர் துணைக்கு அனுப்பினார். சிலாபம் வழியாக உள்நாட்டுக்குள் வந்தவர், குனகார் என்ற தலைநகரைக் குறிப்பிட்டார். அது குருநாகல் என்பார் சிலர், எங்கள் கண்டிக்கு அருகிலுள்ள கம்பளை என்பார் சிலர். எனது மூத்தம்மாவின் ஊர் கம்பளை என்பதால் நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. மரங்களிலிருந்து பாய்ந்து ஒட்டும் அட்டைகளையும் அவர் கண்டார். அவற்றை விழுத்த மக்கள் எலுமிச்சம்பழத்தைக் கையோடு வைத்திருந்தார்களாம். இன்றும் நக்கிள்ஸ் காட்டுக்குப் போகிறவர்கள் எலுமிச்சங்காயை மறப்பதில்லை. சங்கிலிகளைப் பிடித்து மலையேறிய அவர், பின்னர் தெவிநுவர, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பினார்.

இந்தப் பகுதிகளில் கழித்த மூன்று வருடங்களைப் பற்றி அவர் ஒரு முறைப்பாடு செய்தார். மலபாரிலும் மாலைதீவிலும் இலங்கையிலும் மஃபரிலும் ரொட்டியே கிடைக்காமல் சோற்றை மட்டும் தின்று, கடைசியில் தண்ணீர் குடிக்காமல் சோறு தொண்டையில் இறங்காத நிலை வந்துவிட்டதாம். கோதுமை நாட்டில் பிறந்தவருக்கு எங்கள் சோறு தண்டனையாக இருந்திருக்கிறது. சோறு இல்லாமல் எப்படி வாழ்வார்கள் என்று அந்தச் சிறுமி கேட்டாள். சோற்றோடு எப்படி வாழ்வது என்று அவர் திணறினார். இரண்டும் ஒரே கேள்விதான்.

சீனாவரை சென்று, 1348இல் சிரியாவில் கொள்ளைநோய் மனிதர்களைக் கொத்துக் கொத்தாக வாரிச் செல்வதைக் கண்ணால் கண்டு, 1349இல் அவர் மொரோக்கோவை அடைந்தார். தந்தை பல வருடங்களுக்கு முன்பே இறந்திருந்தார். தாய் அதே கொள்ளைநோயில், மகன் வந்து சேர்வதற்குச் சற்று முன்னர்தான் மௌத்தாகியிருந்தார். அவர் கப்றையே சியாரத் செய்ய முடிந்தது.

இப்னு பதூதா குறையற்ற மனிதர் அல்லர். சென்ற இடங்களில் திருமணம் செய்தார், பிரிந்து சென்றார். அந்தப் பெண்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நூலில் இல்லை. பின்னாளில் ஸஹாராவைக் கடந்து மாலி சென்றபோது, மன்னரின் வரவேற்பு அன்பளிப்பு வருகிறது என்றதும் பட்டாடையும் பொன்னும் எதிர்பார்த்து எழுந்து நின்றார். வந்தவை மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு, சுரைக்குடுவையில் தயிர். அவர் சிரித்துவிட்டார். பாலைவன விளிம்பில் அந்த மூன்றும் என்ன பெறுமதி என்பதை, இவ்வளவு உலகம் பார்த்தவரும் அக்கணம் மறந்துபோனார்.

அந்தச் சிரிப்பை வாசித்தபோது எனக்குச் சுட்டது. எங்கள் வகுப்பில் கரையோர ஊரொன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருத்தி இருக்கிறாள். விடுமுறை முடிந்து வரும்போதெல்லாம் பொரித்த கருவாடு கொண்டுவருவாள். இடைவேளையில் அவள் பெட்டியைத் திறந்ததும் நாங்கள் மேசையை மாற்றிக்கொள்வோம். முதலில் சிரித்தவள் நான்தான். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று குர்ஆன் மத்ரஸாவில் சிறுவயதிலேயே படித்தவளும் நான்தான்.

1354இல் மாலியிலிருந்து மீண்ட இப்னு பதூதாவின் அனுபவங்களை எழுத்தில் பதிக்குமாறு சுல்தான் அபூ இனான் பணித்தார். அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதினார். 1355 டிசம்பரில் ரிஹ்லா என்னும் அந்தப் பயணநூல் நிறைவுற்றது. ஆனால் பெஸ் நகரின் அரசவையில் பலர் அவர் கூறியவற்றை நம்பவில்லை. பொய் என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். அப்போது அங்கிருந்த இளைஞரான இப்னு கல்தூனுக்கும் ஐயம் இருந்தது. அமைச்சரான பாரிஸ் இப்னு வத்ரார் அவருக்கு ஒரு கதை சொன்னார். சிறையில் அடைக்கப்பட்ட ஓர் அமைச்சரின் மகன் சிறைக்குள்ளேயே வளர்ந்தான். தான் உண்ணும் இறைச்சி எதனுடையது என்று கேட்டான். ஆடு என்றார் தந்தை. ஆட்டை எப்படி வர்ணித்தாலும், அது எலியைப் போன்றதா என்றே அவன் கேட்டான். அவன் கண்டிருந்த ஒரே பிராணி எலி. காணாததைக் கண்டதைக்கொண்டு அளந்து பொய் என்று ஒதுக்காதே என்பது அதன் கருத்து. இப்னு கல்தூன் அதை மறக்கவில்லை. தமது முகத்திமாவில் எழுதி வைத்தார்.

இப்னு பதூதா தம் இறுதிக் காலத்தில் மொரோக்கோவின் ஒரு நகரில் காழியாக இருந்து, 1368 அல்லது 1369இல் வபாத்தானார். பிறந்து வளர்ந்த உலகத்தினரே ஐயுற்ற அவரது நூலை, ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு அறிஞர் இருவர் மொழிபெயர்ப்புடன் அச்சிட்டதன் மூலம் உலகம் மீண்டும் அறிந்துகொண்டது. இன்று சந்திரனிலுள்ள ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

நூலைத் திருப்பிக் கொடுத்த மறுநாள், இடைவேளையில் நான் மேசை மாறவில்லை. அவளிடம் ஒரு துண்டு கருவாடு கேட்டேன். அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். கேலியா இல்லையா என்று தேடியிருப்பாள். பின்னர் ஒன்றும் பேசாமல் மூடியில் ஒரு துண்டை வைத்துத் தள்ளினாள். உப்பு அதிகம்தான். மழைக்காலத்தில் படகுகள் இறங்காத மாதங்களில் அதுதான் தங்கள் கறி என்று சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னாள். இவ்வருடக் கண்காட்சியில் அந்தச் சிறுமி மீண்டும் வந்தால், குளிர் என்ற ஒரு சொல்லோடு நான் நிறுத்தப் போவதில்லை. என் பக்கத்தில் நின்று கடலைப் பற்றி விளக்க அவளும் சம்மதித்திருக்கிறாள்.